எண்ணெய் எட்டாத ஆழம்

தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருப்பவருக்குப் படுக்கைப்புண் வராமலிருக்கத் தேங்காய் எண்ணெயோ கற்றாழைச் சோறோ கொண்டுவந்து, "முதுகுல கொஞ்சம் தடவி விடுங்க சிஸ்டர்" என்று கேட்கும் உறவினர்கள் உண்டு. அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. வியர்வையிலும் சிறுநீரிலும் ஊறிய தோல் எளிதில் உரியும். வறண்ட தோல் வெடிக்கும். மெல்லிய எண்ணெய்ப் படலம் இரண்டையும் ஓரளவு தடுக்கிறது. செலவும் குறைவு.

ஸ்பெயினின் அந்தலூசியாவில், வீட்டிலேயே படுத்த படுக்கையாக இருந்தவர்களிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், படுக்கைப்புண் தடுப்புக்கென்றே விற்கும் கொழுப்பு அமிலத் தைலத்துக்கு ஆலிவ் எண்ணெய் சளைக்கவில்லை. ஆனால் அங்கே ஒப்பிட்டது ஒரு தைலத்தை இன்னொரு தைலத்தோடு; எதுவுமே தடவாதவர்களோடு அல்ல. ஈரானில் தீவிர சிகிச்சை நோயாளிகளிடம் மருதாணியையும் சோதித்துப் பலன் கண்டதாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் ஒரு நெருடல். படுக்கைப்புண்ணின் முதல் அறிகுறி சிவப்பு. விரலால் அழுத்தினால் அது வெளுக்க வேண்டும். வெளுக்காமல் நின்றால் உள்ளே திசு சேதமாகத் தொடங்கிவிட்டது. ஏற்கெனவே கருமையான நம் தோலில் இதைக் கண்டுபிடிப்பதே கடினம். அதன் மேல் மருதாணிச் சாயமும் ஏறினால் செவிலியர் எதைப் பார்ப்பார்? தடவும் பொருட்கள் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி அலசிய 2018ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வும் அவற்றால் தெளிவான பயன் இருப்பதாகச் சொல்லவில்லை.

காரணம் உடலுக்குள் இருக்கிறது. வால் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தசை நசுங்கி, ரத்த ஓட்டம் நின்று, பல புண்கள் ஆழத்திலேயே தொடங்கிவிடுகின்றன. ரத்த அழுத்தத்தைத் தூக்கிப்பிடிக்கக் கொடுக்கும் நார்அட்ரினலின் தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. வென்டிலேட்டரில் இருப்பவருக்கு நிமோனியா வராமலிருக்கத் தலைப்பக்கத்தை 30 டிகிரிக்கு மேல் உயர்த்துகிறோம். உடல் கீழே சரிய, உள்திசு இழுபடுகிறது. இவற்றில் எதையும் எண்ணெய் மாற்றாது.

தடவுவதைவிடத் தேய்ப்பதுதான் ஆபத்து. படுக்கைப்புண் வரும் அபாயமுள்ள தோலை அழுத்தித் தேய்க்கக் கூடாது என்று 2019ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல் எச்சரிக்கிறது. ஸ்பிரிட் போட்டு முதுகு தேய்க்கும் பழைய பழக்கம் தோலை உலர்த்தவும் செய்கிறது. புண் வராமலிருக்க வால் எலும்பு மேல் ஒட்டும் சிலிகான் ஃபோம் கட்டும் எண்ணெய்ப் பசையுள்ள தோலில் நிற்காது. அந்தக் கட்டுக்கு இருக்கும் சான்றோ எண்ணெய்க்கு இருப்பதைவிட வலுவானது.

வறண்ட கை கால்களுக்கு எண்ணெய் தடவட்டும், ஆட்சேபம் இல்லை. ஆனால் ஆழத்தில் விழும் அழுத்தத்தை விலக்க, அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். குழாய்கள் பொருத்திய ஒருவரைப் பாதுகாப்பாகத் திருப்ப, குறைந்தது இரண்டு பேர் வேண்டும். எண்ணெய்ப் புட்டியோடு வரும் உறவினர், ராத்திரியில் எத்தனை தடவை திருப்புகிறீர்கள், அதற்கு ஆள் இருக்கிறார்களா என்றும் கேட்க வேண்டும்.