முசிறியின் நிரவல்

பல்லாவரத்தில் இரவு ஏறினால்தான் பாட்டைப் பாட்டாகக் கேட்க முடியும். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் ஒன்று தலைக்கு மேல் கடந்து, கடைசி மின்சார ரயிலும் போன பிறகு நான் போட்டுக் கேட்பது முசிறி சுப்பிரமணிய ஐயரின் ‘திருவடி சரணம்’. கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றியது, காம்போதி ராகம்.

சரணத்தில், அண்டி வந்தவனைக் கைவிடலாமா என்று இறைவனிடம் மன்றாடும் இடம் வரும். முசிறி நிரவலுக்கு எடுத்துக்கொள்வது அதைத்தான். நிரவல் என்றால் வரி மாறாது, தாளத்தில் சொற்கள் விழும் இடமும் மாறாது; ராகம் மட்டும் புதிது புதிதாக வந்து அதே சொற்களில் குடியேறும். அவருக்கு அவசரமே கிடையாது. சௌக்க காலத்தில் நிதானமாகக் கேட்கிறார், மறுபடி கேட்கிறார். மேல் ஸ்தாயிக்கு ஏறும்போது அந்த உச்சக் குரல் சற்று மெலிகிறது. எழுத்து ஒன்றுகூடச் சிதைவதில்லை. அவர் மூச்சு வாங்கும் இடங்களோ, சொல்லை எங்கே பிரித்தால் பொருள் கெடும் என்று தெரிந்தவர் தேர்ந்த இடங்கள். ஸ்வரக் கணக்கில் மலைக்க வைத்தவர்கள் பலர். கெஞ்சலை இப்படிக் கெஞ்சலாகவே பாடியவர் என் காதுக்கு இவர் ஒருவர்தான்.

1899இல் பிறந்தவர். 1938இல் ‘துக்காராம்’ படத்தில் நாயகன். 1939இல் சங்கீத கலாநிதி. 1940களின் நடுவில், ஐம்பது வயதுகூட ஆகாத நிலையில், உடல்நலம் காரணமாகக் கச்சேரி மேடையை விட்டார். 1949இல் சென்னையில் தொடங்கிய கர்நாடக இசைக் கல்லூரிக்கு முதல்வரானார். டி.கே. கோவிந்த ராவ், மணி கிருஷ்ணசாமி எல்லாம் அவரிடம் பாடம் கேட்டவர்கள்.

மேடையில் பாடியதோடு பாடம் சொல்லவும் வந்த இன்னொருவர் ஜெர்மனியின் பாடகி லில்லி லேமன். 1876இல் பைராய்டில் வாக்னரின் இசைநாடகத்தில் பாடியவர், 1902இல் குரற்கலை பற்றிப் புத்தகமே எழுதி, பிறரைப் பாடவைத்தார். மேடைக்குப் பின் வாத்தியாரானவர்கள் என்று இவர்களைச் சொல்கிறோம். முசிறியைப் பொறுத்தவரை எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்த நிரவலில், ஒரே வரியைத் திரும்பத் திரும்ப நம் முன் வைத்து, ‘இந்தச் சொல்லைப் பார், இப்போது இதைப் பார்’ என்று காட்டுகிறாரே, அது பாடம் சொல்வதுதான்.

இன்று இரவு ஒருமுறை கேளுங்கள். நிரவல் வரும்போது வேறு வேலை எதுவும் வேண்டாம்.