ஆலோசனை மட்டுந்தானா?

2004 சூலை 16. குடந்தையில் கூரை எரிந்தது. 94 பிஞ்சுகள் கருகின. அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளி இயங்கிய கட்டடம் அது. ஓலைக் கூரை ஏன் என்று கேட்க, பெற்றோர் பெரும்பான்மையான குழு அன்று சட்டத்தில் இல்லை.

2009-இல் கல்வி உரிமைச் சட்டம் பிறந்தது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் என்றது. நன்று! ஆனால் 2012-இல் வந்த திருத்தமோ, உதவிபெறும் பள்ளிகளில் அக்குழு ஆலோசனை மட்டுமே கூறலாம் என்றது. எவ்வகைப் பள்ளியில் பிள்ளைகளைப் பறிகொடுத்தோமோ, அவ்வகைப் பள்ளியிலேயே பெற்றோரின் கை கட்டப்பட்டது!

மடை திறக்கும் உரிமையை மறுத்துவிட்டு, உழவனிடம் பாசன யோசனை கேட்பது போன்றதன்றோ இது? ஆசிரியர் ஊதியம் மக்கள் வரிப்பணம். பயில்வது மக்களின் பிள்ளை. அதிகாரம் மட்டும் நிருவாகத்துக்கா?

தோழர்களே, தலைவிதி என்றழுதது போதும். சட்டவிதியைத் திருத்தச் சொல்வோம்!