உட்குழு வேறுபாடும் ஒரு கலைச்சொல்லும்

தலித் இலக்கியத் திறனாய்வில், ஒரு சமூகத்தினுள் காணப்பெறும் வேறுபாடுகளை 'இன்டர்னல் டைவர்சிட்டி' என்னும் ஆங்கிலத் தொடரால் குறிப்பதுண்டு. இத்தொடர் பன்மையைச் சுட்டுகிறது; படிநிலையைச் சுட்டுவதில்லை. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) நாவல் இதற்குத் தக்க சான்றாகும். பறையர் குடியிருப்புக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் பெண்ணான ஆரோக்கியம், இரவில் வீடுவீடாகச் சென்று சோறு பெறுகிறாள்; களத்தில் தானியத்திற்குக் காத்து நிற்கிறாள். உழைப்பிற்குரிய கூலியும் கொடுப்போர் மனத்தைப் பொறுத்தே அமைகிறது. பட்டியல் சாதி என்னும் சட்டப்பெயருக்குள் இரு சாராரும் அடங்குவர். அப்பட்டியலை உட்பிரிவு செய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டென 2024இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோதும் சமமின்மையே அடிப்படையாயிற்று. எனவே 'உட்படிநிலை' என்பதே இங்குப் பொருந்தும் கலைச்சொல்லாகும். பன்மை என்று பெயரிடின், ஆரோக்கியத்தின் பசி திறனாய்வில் இடம்பெறாமற் போகும்.