மாஸிலனில் வெள்ளிக்கிழமை இரவு

பள்ளிக்கூடப் பையன்கள் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுவதற்கு 16,600 பேர் உட்காரும் ஸ்டேடியம்! அதுவும் சுமார் 32,000 பேர் மட்டுமே வசிக்கும் ஊரில். ஒஹாயோ மாநிலத்து மாஸிலன் நகரின் அரசுப் பள்ளியான வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளியைப் பற்றி யாரிடம் பேசினாலும் இந்தக் கணக்கில்தான் தொடங்குவேன். பாதி ஊரை ஒரே இடத்தில் உட்கார வைத்துவிடலாம்.

பெருமந்தக் காலத்தில் அரசு வேலைவாய்ப்புத் திட்டத்தின் கீழ் இந்த ஸ்டேடியத்தைக் கட்டி, 1939-ல் திறந்தார்கள். ஆட்ட நாளில் உள்ளே நுழைந்தால் எங்கு பார்த்தாலும் ஆரஞ்சும் கறுப்பும்தான். பக்கத்து இருக்கைப் பாட்டி, தான் படித்த காலத்து ஆட்டங்களை நேற்று நடந்ததுபோல் சொல்கிறார். பேரன் விளையாடுகிறானா என்று கேட்டேன். இல்லையாம். "எல்லாரும் நம்ம பசங்கதானே" என்றார்.

ஆட்டத்துக்கு முன் பேண்டு வரும். டைகர் ஸ்விங் பேண்டு! புலி வேடமிட்ட 'ஓபி' துள்ளிக்கொண்டு முன்னால் வர, பின்னால் டிரம்பெட்டும் டிரம்மும் முழங்க, வரிசை குலையாமல் ஆடிக்கொண்டே மைதானத்தை நிறைப்பார்கள். இசைக்கு ஆடுகிறார்களா, ஆட்டத்துக்கு இசைக்கிறார்களா என்று பிரிக்கவே முடியாது. 'டைகர் ராக்' தொடங்கியதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. 1938-ல் இந்தப் பேண்டைத் தொடங்கியவர் ஜார்ஜ் 'ரெட்' பேர்டு. பேண்டுக்காக மட்டுமே நான் டிக்கெட் வாங்குவேன், சத்தியமாக.

ரெட் பேர்டை அழைத்து வந்தவர் பால் பிரவுன். பின்னாளில் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணிக்கும் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணிக்கும் அஸ்திவாரம் போட்ட அதே மேதை! இதே பள்ளியில் படித்து, 1932-ல் பயிற்சியாளராகத் திரும்பி வந்தார். ஒன்பது சீசனில் எண்பது வெற்றிகள், எட்டே எட்டுத் தோல்விகள். ஸ்டேடியம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஊரில் ஆண் குழந்தை பிறந்தால் பள்ளியின் ஆதரவாளர் சங்கம் தொட்டிலில் ஒரு குட்டிப் பந்தை வைப்பது வெகுகாலத்து வழக்கம். கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது.

பரம எதிரி, பக்கத்து நகரமான கேன்டனின் மெக்கின்லி பள்ளி. 1894-லிருந்து தொடரும் மோதல். அதனால்தான் 2023 இறுதி ஆட்டம் அவ்வளவு தித்திப்பு. 2018, 2019, 2020 என்று வரிசையாக மூன்று மாநில இறுதிப் போட்டிகளில் தோற்ற அணி இது. 1972-ல் பிளேஆஃப் முறை வந்த பிறகு அதுவரை ஒரு பட்டம்கூடக் கைக்கு வரவில்லை. அந்த நவம்பர் 30 அன்று, மெக்கின்லி தன் சொந்த மைதானமாக வைத்து ஆடும் அதே கேன்டன் ஸ்டேடியத்தில், ஹோபன் பள்ளி அணியை 7-2 என்று வீழ்த்தினார்கள். ஒரே ஒரு டச்டவுன்! மீதி நேரமெல்லாம் தடுப்பாட்டம்தான். பதினாறு ஆட்டங்களில் பதினாறும் வெற்றி. கேலரியில் முன்பின் தெரியாத மனிதர்கள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். நானும் அழுதேன்.

இலையுதிர்காலத்தில் ஒஹாயோ பக்கம் போகிறவர்கள் ஒரு வெள்ளிக்கிழமையை மாஸிலனுக்கு ஒதுக்குங்கள். மெக்கின்லி ஆட்டம் மட்டும் வழக்கமாகச் சனிக்கிழமை மதியம். டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். பேண்டு மைதானத்துக்குள் வருவதற்கு முன் இருக்கையில் இருந்தாக வேண்டும்!