பெருங்கட்டூர் இராஜகோபால்: கூத்தில் சோதனை நிகழ்ந்த இடம்

தமிழில் சோதனை அரங்கு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் 1977இல் ந. முத்துசாமி சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறையை முன்னிறுத்துகின்றன. கூத்திலிருந்து நவீன நாடகம் எதைப் பெற்றது என்பதே அவற்றின் வினா. காஞ்சிபுரம் வட்டாரத்தில் கூத்துக் கலைஞராகவே இருந்து சோதனை செய்த பெருங்கட்டூர் இராஜகோபால் அவ்வினாவுக்குள் அடங்குவதில்லை.

இளமையிலேயே பள்ளியை விட்டுத் தந்தையின் குழுவில் சேர்ந்தவர் இவர். நடிகராகவும் வாத்தியாராகவும் கூத்தாசிரியராகவும் வளர்ந்தார். 1990இல் உருவான கட்டைக்கூத்துச் சங்கம், 'தெரு' என்ற சொல்லோடு ஒட்டிய இழிவை மறுத்து, நடிகர் பூணும் மரக்கட்டை அணிகளால் அமைந்த பெயரை வலியுறுத்தியது. பெயரினும் ஆழமான மாற்றம் 2002இல் புஞ்சரசந்தாங்கலில் தொடங்கிய குருகுலம். பள்ளிக் கல்வியும் கூத்துப் பயிற்சியும் அங்கு ஒருங்கே அளிக்கப்பட்டன. இராஜகோபால் இளமையில் இழந்ததை அவருடைய மாணவர் இழக்க வேண்டியிருக்கவில்லை. பெண் குழந்தைகளும் பயின்றனர். திரௌபதியையும் ஆண்களே ஆடிவந்த அரங்கில், ஒரு பெண் கிரீடமும் புஜக்கட்டையும் பூட்டிக் கர்ணனாகத் திரை விலக்கி வந்தபோது, வேடம் யாருடைய உடலுக்கு உரியது என்ற நெடுநாள் உறுதி குலைந்தது. இராஜகோபாலின் முதன்மையான சோதனை இதுவே. நகர அரங்குகளுக்கெனச் சுருக்கிய ஆக்கங்கள் அன்று. விடிய விடிய நீளும் கூத்தில் பார்வையாளர் கண்ணயர்ந்து மீண்டும் விழித்துக் கதையில் சேர்ந்துகொள்ளும் தளர்வு, அவற்றில் இயல்பாகவே இல்லை.

குருகுலம் 2020இல் மூடப்பட்டது. அங்குப் பயின்ற பெண்கள் திருமணத்திற்குப் பின்னும் இரவுக் கூத்துக்கு வெளியூர் செல்வதைக் குடும்பமும், பாரத விழா நடத்தும் ஊராருமே தீர்மானிக்கின்றனர்.