புத்தகம் வருகிறது என்று சொல்வது: மார்கரெட் அட்வுட்டின் அறிவிப்புகள்

எழுத்தாளர் தன் புத்தகத்தைப் பற்றித் தானே பேசலாமா என்ற வழக்கு நம் சூழலில் ஆண்டுதோறும் ஜனவரியில் விசாரணைக்கு வரும். "மாலை 5 மணிக்கு இந்த அரங்கில் இருப்பேன், வாங்க" என்று ஒருவர் எழுதினால் போதும். கீழே நான்கு பேர் வாழ்த்துவார்கள், தனிக்குழுவில் நாற்பது பேர் சிரிப்பார்கள். நல்ல எழுத்து தானாக வாசகரைத் தேடிப்போகும், எழுதிவிட்டு ஒதுங்குவதுதான் அழகு என்பது இங்கே கிட்டத்தட்ட ஒரு மதநம்பிக்கை. என் தொழில் மென்பொருள். புதிய பதிப்பு ஒன்றை வெளியிட்டால் கூடவே ரிலீஸ் நோட்ஸ் எழுதியாக வேண்டும். என்ன மாறியிருக்கிறது, எது உடைந்திருக்கிறது என்று பயன்படுத்துபவருக்குச் சொல்வது அந்த வேலையின் ஒரு பகுதி, அதைத் தற்பெருமை என்று யாரும் சொல்வதில்லை. அதனாலோ என்னவோ, இந்தக் கூச்சம் எனக்கு முழுசாகப் பிடிபட்டதேயில்லை.

ஆனால் ஒரு புத்தகம் வந்திருக்கிறது என்று சொல்வது வேறு, அது இன்னது என்று சொல்வது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் அறுபது வருடமாக நடந்துகொண்டிருப்பவர் கனடாவின் மார்கரெட் அட்வுட். கவிஞராகத் தொடங்கி நாவலாசிரியரானவர், இன்றும் இரண்டுமாக இருப்பவர். எல்லா அறிவிப்பும் அவருக்கு ஒன்றுபோல் கைகொடுத்ததில்லை. எது கைகொடுத்தது, எது காலை வாரியது என்று பார்ப்பதும் அவரை வாசிப்பதில் ஒரு பகுதிதான் என்று நினைக்கிறேன்.

1961இல் வந்த முதல் கவிதைத் தொகுப்பு 'டபுள் பெர்செஃபனி'. அச்செழுத்துகளை அவரே கையால் கோத்தார், அட்டைப்படத்தையும் அவரே செய்தார். இருநூற்றுச் சொச்சம் பிரதிகள். அப்படித் தொடங்கிய ஒருவருக்கு எழுதுவது தன் வேலை, விற்பது வேறு யாருடைய வேலையோ என்ற பிரிவினையே தோன்றியிருக்காது. 1969இல் முதல் நாவல் 'தி எடிபிள் உமன்'. அதற்கான முதல் கையெழுத்து நிகழ்ச்சி எட்மன்டனில் ஒரு பெரிய கடையில், ஆண்களின் சாக்ஸும் ஜட்டியும் விற்கும் பிரிவில் நடந்தது. இந்தக் கதையை அவரே பலமுறை சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். பெண்ணியம் பேசும் ஒரு நாவல் உலகுக்கு அறிமுகமான இடம் அது!

லாங்பென் கதை இன்னும் சுவாரசியம். ஊர் ஊராக அலைந்து களைத்த ஒரு பயணத்தின்போது, 2004 வாக்கில், தூரத்திலிருந்தே கையெழுத்திட ஒரு கருவி இருந்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. நிறுவனமே தொடங்கிவிட்டார். எழுத்தாளர் ஒரு பலகையில் பேனாவால் எழுதுவார். கோடு போகும் பாதை, வேகம், அழுத்தம் எல்லாம் தரவாக இணையத்தில் போகும். மறுமுனையில் ஓர் இயந்திரக் கை நிஜப் பேனாவைப் பிடித்து, வாசகரின் பிரதியில் நிஜ மையால் அதை அப்படியே எழுதும். நடுவில் காணொளி வழியாக இருவரும் பேசிக்கொள்ளலாம். 2006 மார்ச்சில் லண்டன் புத்தகச் சந்தையில் எல்லோர் முன்னிலையிலும் முதல் செயல்விளக்கம். முதல் முயற்சியிலேயே சொதப்பியது. டெமோ நாளன்று சொதப்பாத கருவி எது? இதைப் படித்தபோது அட்வுட்மீது எனக்குத் தொழில்முறைப் பாசமே வந்தது.

பிறகு கருவி ஒழுங்காக வேலை செய்தது. ஆனால் வாசகர் மத்தியில் பெரிதாக எடுபடவில்லை. அந்தத் தொழில்நுட்பம் மெல்ல ஒப்பந்தங்களில் கையெழுத்திடும் அலுவலக உலகத்துக்குப் போய்விட்டது. இதில் ஒரு இலக்கிய விஷயம் இருக்கிறது. கையெழுத்துக்காக வரிசையில் நிற்பவருக்கு வேண்டியது மை மட்டும் அல்ல. அவருக்கு முன்னால் நின்றவர் எவ்வளவு நேரம் பேசினார், எழுத்தாளர் பெயரைத் தப்பாக எழுதிவிட்டு எப்படி அசடு வழிந்தார், இதெல்லாமும் சேர்ந்துதான் அந்தக் கையெழுத்து. தரவாக அனுப்ப முடிந்தது கோடு மட்டும்தான். இத்தனைக்கும் எழுதுகிற ஆளும் வாழ்கிற ஆளும் ஒரே உடம்பில் இருக்கும் இரண்டு பேர் என்று 'நெகோஷியேட்டிங் வித் தி டெட்' (2002) நூலில் விரிவாக எழுதியவர் அவர். எழுதுகிற ஆளை மட்டும் தனியே பார்சல் கட்டி அனுப்பலாமே என்ற ஆசை அந்தச் சிந்தனையின் இயந்திர வடிவம் என்றே எனக்குப் படுகிறது.

2009இல் 'தி இயர் ஆஃப் தி ஃப்ளட்' நாவலுக்கு நேர் எதிரான வழியைப் பிடித்தார். பேரழிவை எதிர்பார்த்துக் காய்கறி வளர்க்கும் 'கடவுளின் தோட்டக்காரர்கள்' என்ற மதக்குழுவின் கதை அது. நாவலுக்குள் அவர்களுடைய துதிப்பாடல்கள் 14 உண்டு. ஆர்வில் ஸ்டோபர் அவற்றுக்கு இசையமைத்தார். பிரிட்டனிலும் கனடாவிலும் அமெரிக்காவிலும் அந்தந்த ஊர் நடிகர்களையும் பாடகர் குழுவையும் வைத்து, தேவாலயங்களிலும் அரங்குகளிலும் அது ஒரு நிகழ்ச்சியாக நடந்தது. அட்வுட் கதைசொல்லியாக ஓரமாக நின்றார். வருமானம் பறவைகள் பாதுகாப்புக்குப் போனது. ரான் மான் இதை ஆவணப்படமாகவும் எடுத்திருக்கிறார்.

அந்தப் பாடல்களைப் பக்கத்தில் படித்தால் பலருக்கும் சங்கடம்தான். 'தி சர்க்கிள் கேம்' போன்ற இறுக்கமான தொகுப்பை எழுதிய கவிஞரா இப்படிச் சுலபமான எதுகையில் எழுதுகிறார் என்று தோன்றும். நையாண்டியா, நிஜமா என்று பிடிபடாது. இருபது பேர் சேர்ந்து அதையே பாடும்போது அந்தச் சந்தேகம் போய்விடுகிறது. ஒரு சிறிய கூட்டம் பயத்தில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள இப்படிப்பட்ட எளிய பாட்டுதான் வேண்டும், நல்ல கவிதை அங்கே உதவாது. நாவல் தாளில் நிரூபிக்காமல் விட்ட ஒன்றை நிகழ்ச்சி நிரூபித்தது. புத்தக விளம்பரமாகத் தொடங்கிய ஒன்று புத்தகத்துக்கான சிறந்த விமர்சனமாக முடிந்ததற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

அதே 2009 வாக்கில்தான் ட்விட்டருக்கும் வந்தார். 2011இல் டொரன்டோ நகராட்சி நூலகச் செலவைக் குறைக்கப் பார்த்தபோது, எதிர்ப்பு மனு ஒன்றின் இணைப்பை அங்கே பகிர்ந்தார். கூட்டம் தாங்காமல் மனுவின் சர்வர் படுத்துவிட்டது. நகரமன்ற உறுப்பினர் டக் ஃபோர்ட், அட்வுட் எதிரே வந்தால்கூடத் தனக்கு அடையாளம் தெரியாது என்று சொல்லி வாங்கிக்கட்டிக்கொண்டார். 'எழுத்தாளருக்கு எதுக்கு இவ்வளவு ஃபாலோயர்ஸ்?' என்று கேட்பவர்களுக்கு இந்த ஒன்று போதும்.

காலை வாரியது 'தி டெஸ்டமென்ட்ஸ்'. 1985இல் வந்த 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' நாவலின் தொடர்ச்சி. கிலியட் எப்படி இயங்கியது என்று வாசகர்கள் இத்தனை காலமாகக் கேட்ட கேள்விகள்தான் இதற்குத் தூண்டுதல் என்று 2018 நவம்பரில் அறிவித்தார். 2019 செப்டம்பர் 10 அன்று வெளியீடு. லண்டன் அரங்கிலிருந்து நேரலை, உலகெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட திரையரங்குகளில். கடைக்கு வருமுன்பே புக்கர் குறும்பட்டியலில் இடம், அக்டோபரில் பெர்னர்டைன் எவரிஸ்டோவுடன் பகிர்ந்துகொண்ட பரிசு.

நாவல் விறுவிறுப்பானது, மறுக்கவில்லை. ஆன்ட் லிடியாவின் குரல் அபாரம். ஆனால் முதல் நாவல் எங்கே முடிகிறது என்று யோசித்துப்பாருங்கள். ஆஃப்ரெட்டுக்கு என்ன ஆனது என்று சொல்லாமல், வெகுகாலத்துக்குப் பிந்தைய ஒரு கருத்தரங்கில் ஓர் ஆய்வாளர் அவையோரைக் கேள்வி கேட்க அழைப்பதோடு முடியும். வாசகரின் தலையில் அந்தக் கேள்வியைக் கட்டியதுதான் அதன் பலம், முப்பது ஆண்டுக்கு மேல் அதை ஓடவைத்த எரிபொருளும் அதுவே. பதில் தருகிறேன் என்று அறிவித்த அந்தக் கணத்திலேயே இரண்டாவது நாவல் தனக்கு ஒரு கடமையைச் சுமத்திக்கொண்டுவிட்டது. யார் யாருடைய மகள், ஆட்சி எப்படிச் சரிந்தது, எல்லா முடிச்சும் நேரத்துக்கு அவிழ்கிறது. டிக்கெட் மூடுகிற மாதிரி. இங்கே அறிவிப்பு எழுத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது என்றே வாசிக்கிறேன்.

அந்த வெளியீடு நடந்து எட்டு நாள் கழித்து, செப்டம்பர் 18 அன்று, அவருடைய நெடுநாள் துணைவர் கிரேம் கிப்சன் லண்டனில் இறந்தார். அவரும் நாவலாசிரியர், அவருக்கு மறதிநோய் இருந்தது. அட்வுட் பயணத்தைத் தொடர்ந்தார். வெறும் வீட்டுக்குத் திரும்புவதா, விடுதி அறைகளும் மேடைகளும் மனிதர்களுமா என்றால் எதைத் தேர்வது என்று பின்னர் கேட்டிருக்கிறார். சுயவிளம்பரம் என்று நாம் எளிதாக ஒதுக்குகிற ஒன்று ஒருவருக்கு அந்த வாரங்களைக் கடக்கும் வழியாகவும் இருந்திருக்கிறது.

2020 நவம்பரில் 'டியர்லி' வந்தது. கிப்சனுக்குச் சமர்ப்பணம் செய்யப்பட்ட கவிதைத் தொகுப்பு. கொரோனா காலம், அரங்கமும் இல்லை வரிசையும் இல்லை. கவிதைகள் 2008க்கும் 2019க்கும் இடையில் எழுதப்பட்டவை. அதாவது பாடகர் குழுவோடு ஊர் சுற்றியபோதும், சர்வர் படுத்தபோதும், இந்தக் கவிதைகள் கையெழுத்துப் படியாக ஒரு இழுப்பறையில் சேர்ந்துகொண்டிருந்தன. இரங்கற்பாக்கள் என்று எண்ணித் திறந்தால் கணக்கு இடிக்கும்: அவை எழுதப்பட்டபோது அவர் உயிரோடுதான் இருந்தார். தலைப்புக் கவிதை வழக்கொழிந்துகொண்டிருக்கும் ஒரு சொல்லைப் பற்றியது, கூடவே மங்கிப்போகும் போலராய்டு படங்களைப் பற்றியது. நினைவு போய்க்கொண்டிருக்கும் ஒருவர் பக்கத்து அறையில் இருக்க, சொற்கள் பழசாவதைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்தப் பத்தாண்டில் வந்த அட்வுட்டின் நூல்களில் என்னை மிக நெருங்கியது இதுதான்.

ஆஸ்லோ காட்டு விஷயம் ஒன்று பாக்கி. கேட்டி பேட்டர்சன் என்ற கலைஞர் 2014இல் அங்கே 1000 மரக்கன்றுகள் நட்டார். ஆண்டுக்கு ஓர் எழுத்தாளர் ஒரு கையெழுத்துப் பிரதி தருவார், 2114இல் அந்த மரங்களின் காகிதத்தில் அவை அச்சாகும். முதலில் தந்தவர் அட்வுட், 2015இல். உள்ளே கவிதையா கதையா என்றுகூடச் சொல்லக் கூடாது, தலைப்பு மட்டும் சொல்லலாம் என்பது விதி. இவ்வளவு பேசுகிறவர் அதில் சொன்னது இரண்டே சொற்கள், 'ஸ்கிரிப்ளர் மூன்'. பிரதி ஆஸ்லோவின் பொது நூலகத்தில் பூட்டிய இழுப்பறையில் இருக்கிறது.