துலாவும் துளைப்பொறியும்: கருவிப் பெயர்கள் பற்றிய ஒரு திறனாய்வு

செய்யுளில் வரும் அருஞ்சொல்லொன்றின் பொருளை அறிய உரைகள் பலவற்றை ஒப்பிட்டுப் பார்க்கும் நாம், கிணற்றடியிலும் பட்டறையிலும் வழங்கும் சொல்லைக் கொச்சையென ஒதுக்கிவிடுகின்றோம். அச்சொற்களை இட்டவர் யார், எங்கிருந்து அவற்றைக் கொண்டுவந்தனர், சில பெயர்கள் நிலைத்தமைக்கும் சில கையேட்டுடனேயே மடிந்தமைக்கும் காரணம் யாது என்னும் வினாக்கள் திறனாய்வுக்குப் புறம்பானவை என்றே கருதப்பட்டு வந்துள்ளன. இக்கருத்து மறுபரிசீலனைக்குரியது. எண்ணெய்க் கிணறு துளைக்கும் பொறியின் உறுப்புகளுக்கு மேலைநாட்டுத் தொழிலாளர் இட்ட பெயர்களையும், அளவெட்டி முதலான யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் நீரிறைத்த துலாவின் பெயர்களையும் ஒருங்குவைத்து நோக்கி, அந்நோக்கின் வழி நமது கலைச்சொல்லாக்க முறையை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வொப்பீடு வலிந்து செய்வதன்று. 1859ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள ரைற்றஸ்வில் என்னுமிடத்தில், எட்வின் டிரேக் துளைப்பித்த கிணறு 69½ அடி ஆழத்தில் எண்ணெயைத் தந்தது. அந்நாட்டின் எண்ணெய்த் தொழில் அங்கிருந்தே வளர்ந்தது. ஆயின் அக்கிணற்றைத் துளைத்தவர் எண்ணெய்த் தொழிலாளர் அல்லர். டிரேக் அமர்த்திய வில்லியம் சிமித் உப்புநீர்க் கிணறுகளுக்குக் கருவி செய்து பழகிய கொல்லர். 1808ஆம் ஆண்டளவிலேயே கனாவா ஆற்றுப் பள்ளத்தாக்கில் ரவ்னர் சகோதரர் உப்புநீருக்காகப் பாறையைத் துளைத்திருந்தனர். அன்று கையாளப்பட்ட முறை எளியது. வளைந்து கொடுக்கும் நீண்ட மரமொன்றின் அடியை நிலத்திற் பிணித்து, இடையில் ஒரு கவையால் தாங்கி, நுனியிற் கனத்த உளியைத் தொங்கவிட்டு, அந்நுனியைக் காலால் உதைத்துத் தாழ்த்துவர். மரம் தானே நிமிர்ந்து உளியை மேலே தூக்கும். ‘கிணற்றை உதைத்து இறக்குதல்’ என்பதே அத்தொழிலுக்கு அவர்கள் இட்ட பெயர். துலா மிதித்தவர் நடந்த நிலத்தில் வாழும் நமக்கு இப்பெயரை விளக்க வேண்டியதில்லை.

தொழில் விட்டுத் தொழில் சென்ற சொற்கள்

துளைப்பொறியின் உறுப்புப் பெயர்களை அவற்றின் தோற்றம் பற்றி மூவகைப்படுத்தலாம்.

முதலாவது வகை, தொழிலாளர் முன்னர் செய்த தொழிலிலிருந்து கொண்டுவந்த பெயர்கள். நீராவிப் பொறி வந்த பின்னர் உதைக்கும் மரத்தின் இடத்தை ஏறி இறங்கும் உத்தரமொன்று பெற்றது. ‘நடக்கும் உத்தரம்’ என்ற அதன் பெயர் நீராவிப் பொறியிலிருந்து வந்தது. அவ்வுத்தரத்தை ஆட்டும் தண்டுக்குப் ‘பிற்மன்’ என்று பெயர். அதன் நேர்ப்பொருள் ‘குழியாள்’ என்பதாகும். மரமறுக்கும் குழியினுள் நின்று வாளின் கீழ்நுனியை இழுத்தவனே அக்குழியாள். மனிதன் அகன்ற பின்னரும், அவன் செய்த வேலையைச் செய்யும் இரும்பு அவன் பெயரைச் சுமந்து நின்றது. கயிறு சுற்றும் உறுப்பொன்று ‘பூனைத்தலை’ எனப்படுகின்றது. அது பாய்க்கப்பலில் நங்கூரம் தூக்கிய மரத்தின் பெயர். துளையினுள் முறிந்து வீழ்ந்த கருவி ‘மீன்’. அதனை மேலே எடுப்பது ‘மீன்பிடித்தல்’.

இரண்டாவது வகை, உருவ ஒப்புமையால் வந்தவை. மேல்தளத்தில் ஒருவன் நின்று குழாய்களைக் கையாளும் இடம் குரங்குப் பலகை. பொறிமேடையருகே தொழிலாளர் ஒதுங்கும் அறை நாய்க்கூடு. குழாய்களை நிறுத்தி வைக்கும் துளைகள் எலிப்பொந்தும் சுண்டெலிப் பொந்தும். முடிவுற்ற கிணற்றின் வாயிற் பொருத்தும் அடைப்பிதழ்த் தொகுதி ‘நத்தார் மரம்’. எண்ணெய் இறைக்கும் பொறியைத் ‘தலையாட்டும் கழுதை’ என்பர். பண்ணையும் வீடும் விட்டு வந்தவர்களின் நினைவில் எஞ்சியிருந்த உலகம் இப்பெயர்களில் தெரிகின்றது.

மூன்றாவது வகையே ஆழ்ந்து நோக்கத்தக்கது. துளைப்பொறியின் கோபுரம் ‘டெறிக்’ எனப்படும். 1600ஆம் ஆண்டையொட்டி இலண்டனின் ரைபேண் தூக்குமேடையில் பணியாற்றிய கொலைஞன் ஒருவனின் குடும்பப் பெயர் அது. அவன் பெயர் முதலில் தூக்குமரத்துக்கும், பின்னர் பாரந்தூக்கும் பொறிக்கும், இறுதியில் எண்ணெய்க் கோபுரத்துக்கும் ஆகிவந்தது. தலைக்கு மேலே பாரம் தொங்க, அதன் கீழ் நின்று உழைப்பவனுக்குத் தூக்குமரம் நினைவுக்கு வருவதில் வியப்பில்லை.

ஆடுகாலும் கொடியும்

இனி நமது கிணற்றடிக்கு வருவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. அளவெட்டியின் அயலால் ஓடும் வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. சுண்ணக்கற் பாறையினுள் தங்கும் மழைநீரே குடிக்கவும் பயிர் செய்யவும் உள்ள நீர். ஆதலின் கிணறும் அதிலிருந்து நீர் இறைக்கும் கருவியும் இங்கே வாழ்வின் அடிப்படையாயின.

கிணற்றருகே நாட்டப்பட்ட தூண்கள் ஆடுகால். அவற்றின் மேலே குறுக்கே கிடக்கும் அச்சில் ஏறி இறங்கும் நீண்ட மரம் துலா. நுனியிலிருந்து தொங்குவது துலாக்கொடி. அதன் முனையில் பனையோலையால் இழைத்த பட்டை. துலாவின் மீது முன்னும் பின்னும் நடந்து அதனைத் தாழ்த்தி உயர்த்துவது துலா மிதித்தல். கிணற்று வாயில் நின்று பட்டையைப் பற்றிக் கவிழ்ப்பது பட்டை பிடித்தல். வாய்க்கால் நீரைப் பாத்திக்குப் பாத்தி திருப்புவது தண்ணீர் மாறுதல். அமெரிக்கனின் உத்தரம் தானே நடந்தது. நமது துலாவின் மேல் மனிதன் நடந்தான். வேறுபாடு அவ்வளவே.

இப்பெயர்களிலும் மேற்கூறிய முறைமையே தொழிற்படுகின்றது. துலா என்பது தராசு. கடைத்தெருவின் நிறைகோலிலிருந்து கிணற்றடிக்கு வந்த சொல். கொடி தோட்டத்தில் படர்வது. பட்டை மரத்தின் தோல். அவ்விரண்டும் கயிற்றுக்கும் கலத்துக்கும் ஆகிவந்தன. கால் மனித உடலுக்குரியது. ஆடுகால் என்ற பெயரின் காரணத்தை இளமையில் துலா மிதித்த முதியவர் ஒருவரிடம் வினவியபோது அவர் கூறியது வருமாறு: “கால் ஆடாது பிள்ளை, துலாதான் ஆடும். கால் ஆடினால் மேலை நிக்கிறவன் கிணத்துக்கைதான்.” சொல்லிலக்கணம் கூறும் காரணத்திலும் இவ்விடை ஒருபடி மேலானது. பெயர் இங்கு வெறும் அடையாளமன்று; அதனுள் எச்சரிக்கையும் உண்டு. தூக்குமரத்தை நினைத்துக் கோபுரத்துக்குப் பெயரிட்டவனும் இம்முதியவரும் ஒரே அச்சத்தை அறிந்தவர்கள்.

தமிழகத்தில் இதே கருவிக்கு ஏற்றம் என்று பெயர். ஒருவர் தொழிலை நோக்கிப் பெயரிட்டார். மற்றவர் வடிவத்தை நோக்கினார். ஐரோப்பியர் இதனைக் கண்டு ‘பிக்கோட்டா’ என எழுதினர். இதற்கு மூலமான போர்த்துக்கேயச் சொல், கப்பலில் நீரிறைக்கும் பொறியின் கைப்பிடியையும் குற்றவாளியைக் கட்டிவைக்கும் தண்டனைத் தூணையும் குறிப்பது. கடலோடி வந்தவன் நமது வயலில் தன் கப்பலையே கண்டான். கிணற்றில் வீழ்ந்த பாத்திரத்தை எடுக்கும் கொக்கிக் கொத்துக்குத் தமிழர் பாதாளக்கரண்டி என்று பெயரிட்டதையும் இங்கு நினைவுகூரலாம். அதே செயலை அமெரிக்கத் தொழிலாளர் மீன்பிடித்தலாகக் கண்டனர். நம்மவர் அடுக்களைக் கருவியைப் பாதாளம் வரை நீட்டினர்.

இவற்றால் பெறப்படும் முடிவு ஒன்று உண்டு. கருவிக்கு நிலைத்த பெயரைத் தருபவன் அதனை வரைந்தவன் அல்லன்; அதனை நாள்தோறும் தொடுபவனே. அவன் பெயரைப் புதிதாகப் படைப்பதுமில்லை. தான் முன்பு அறிந்த உலகத்திலிருந்து கையோடு கொண்டுவருகின்றான்.

மேசையிற் பிறக்கும் சொற்கள்

இம்முடிவை அளவுகோலாகக் கொண்டு நமது கலைச்சொல்லாக்கத்தை நோக்குவோம். யாழ்ப்பாணத்துக்கு இத்துறையில் நீண்ட மரபுண்டு. 1842இல் யாழ்ப்பாண அகராதி வெளிவந்தது. 1860களில் மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். இம்மரபு போற்றத்தக்கது. எனினும் பிற்காலச் சொல்லாக்கம் பெரும்பாலும் ஆங்கிலச் சொல்லின் உறுப்புகளைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஈடு தேடும் முயற்சியாகவே சுருங்கிவிட்டது. அவ்வாறு பிறக்கும் சொல் பொருளால் பிழையற்றதாயிருக்கலாம். ஆயினும் எந்தக் கையும் அதனைத் தொட்டதில்லை.

நிலைத்த சொற்களைப் பாருங்கள். துறப்பணம் தச்சரின் கையிலிருந்து பாடநூலுக்கு வந்தது. குழாய்க்கிணறு, எண்ணெய்க் கிணறு ஆகியவற்றில் கிணறு என்னும் சொல் பழைய அறிவு முழுவதையும் புதிய பொருளுக்குக் கொண்டுசெல்கின்றது. அளவெட்டி தந்த கவிஞர் மஹாகவி, ஆங்கிலத்தின் லிமெரிக் வடிவத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தபோது அதற்குக் குறும்பா எனப் பெயரிட்டார். குறுமையும் குறும்பும் ஒருங்கே ஒலிக்கும் அச்சொல்லை 1966இல் அப்பெயரில் நூல் வெளிவந்த பின்னர் பிறரும் ஏற்றனர். அது மொழிபெயர்ப்பன்று, பெயரீடு.

இதற்கு மாறான நிலைக்கு மன்னார்க் கடல் சான்றாகும். 1970களில் சோவியத் உதவியுடன் மன்னார்த் தீவின் பேசாலையில் எண்ணெய் தேடித் துளையிடப்பட்டது. 2011இல் மன்னார்க் கடற்படுகையில் இயற்கை வாயு கண்டறியப்பட்டது. அக்கிணறுகள் டொராடோ எனவும் பரகுடா எனவும் மீன்களின் பெயரைப் பெற்றன. பரகுடா என்பது நமது மீனவர் சீலா என அழைக்கும் மீனே. சீலா பிடித்து வாழ்ந்தவர்களின் கடலில் அம்மீன் வேற்றுப் பெயருடன் வந்து சேர்ந்தது. அப்பொறிமேடைகளில் நம்மவர் நாளை தொழில் புரிவராயின், நடக்கும் உத்தரத்துக்குத் துலா என்றும், அதனைத் தாங்கும் தூணுக்கு ஆடுகால் என்றும் கூற நம்மிடம் சொல் உண்டு. அவற்றை அறிந்தவர் இருப்பரா என்பதே ஐயம்.

ஒரு மறுப்பு

இங்கே ஒரு மறுப்பை எதிர்கொள்ளல் வேண்டும். தொழிலின் தாளத்திலிருந்தே பாட்டுப் பிறந்தது என்பது ஜோர்ஜ் தொம்சனின் கொள்கை. அவரிடம் பேர்மிங்காமில் ஆய்வு செய்த பேராசிரியர் க. கைலாசபதி வாயிலாக இந்நோக்கு ஈழத்துத் திறனாய்வில் வேரூன்றியது. ஏற்றப்பாட்டு முதலிய தொழிற்பாடல்களை மதிப்புடன் நோக்க அது நமக்குக் கற்பித்தது. ஆயினும் பாட்டைத் தேடியவர்கள் கருவியின் பெயரைத் தேடவில்லை. அதனினும் பெருங்குறை, பழந்தொழிலைப் போற்றும் ஆர்வத்தில் அத்தொழிலின் துன்பத்தை மறந்துவிடுவது.

துலா மிதித்தவர் எல்லோரும் தம் தோட்டத்துக்கே மிதித்தவர் அல்லர். கூலிக்கு மிதித்தவர் பலர். சாதியின் பெயரால் ஒரு கிணற்றில் நீரள்ள உரிமை மறுக்கப்பட்டவர்களும் இக்குடாநாட்டில் வாழ்ந்தனர். அவர்களுக்குத் துலாவின் அழகை எடுத்துரைப்பது பொருந்தாது. இயந்திரம் வந்தபோது உடல் நோவிலிருந்து மனிதன் விடுபட்டான்; அது நன்றே. எனவே இக்கட்டுரை துலாவை மீட்கக் கோரவில்லை. தொழில் ஒழிந்தமைக்கு வருந்தாமலேயே அத்தொழிலாளரின் சொல்லறிவு பதிவின்றி அழிவதற்கு வருந்தலாம். உண்மையில், உடைமையற்றவன் விட்டுச் செல்லும் உடைமை அவன் இட்ட பெயர்கள் மட்டுமே. அவற்றையும் தொலைப்பது அவனுக்கு இரண்டாவது முறை இழைக்கும் அநீதியாகும்.

எண்ணெயும் கிணறும்

துலாவை அகற்றியது எண்ணெயே. மண்ணெண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரம் பரவியதும் ஆடுகாலும் பட்டையும் மறைந்தன. பெயர்ச்சொற்கள் சென்றன; வினை மட்டும் எஞ்சியது. இன்றும் தோட்டக்காரர் இயந்திரத்தை இயக்கிக்கொண்டே ‘இறைப்பு’ என்கின்றனர்.

அவ்வெண்ணெய் பின்னர் கிணற்றினுள்ளேயே வந்தது. அளவெட்டிக்கு அண்மையிலுள்ள சுன்னாகத்தில், அனல் மின்னிலையச் சூழலின் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை 2014, 2015ஆம் ஆண்டுகளில் பெரும் பிரச்சினையாக எழுந்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், மின்னுற்பத்தி நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. எண்ணெய்க் கிணறு என்னும் தொடரைச் செல்வத்தின் பெயராகக் கேட்கும் நாடுகள் உண்டு. நமது செவியில் அது வேறு விதமாகவே ஒலிக்கும். கலைச்சொல் தொகுதி எதுவும் இவ்வேறுபாட்டைக் காட்டாது. ஒரு நிலத்தில் வாழ்ந்து அனுபவித்தவர்களே அதனை உணர்வர்.

துலா மிதித்த தலைமுறையில் இன்று எஞ்சியிருப்போர் சிலரே. அச்சுக்கு என்ன பெயர், கொடியைப் பிணித்த முடிச்சுக்கு என்ன பெயர், பட்டை கிழிந்தால் அதனை எவ்வாறு கூறினர் என்பனவற்றை அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும் விடுமுறை நாட்களும் போதும். சங்கச் செய்யுளின் கருப்பொருளைப் பட்டியலிடப் பழகிய நாம், நமது கிணற்றடியின் கருப்பொருளையும் பட்டியலிடல் வேண்டும். கலைச்சொல் ஆக்குவோர் அதன் பின்னரே தமது மேசைக்குச் செல்லலாம்.